ஒரு புட்டிக்குள் ஒரு கிலோ தானியம்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கள்ளுண்ணாமை என்னும் அறம் தமிழ்ச் சமண இல்லங்களுக்குப் புதிதாகக் கற்பிக்கத்தக்கது அன்று. கள்ளையும் புலாலையும் தேனையும் விலக்குதல் இல்லறத்தார் நோன்புகளுக்கு முதற்படி என்பதைப் பாட்டிமார் மடியிலேயே குழந்தைகள் கேட்டு வளர்கின்றனர். குடிப்பவன் அறிவை இழப்பான், நாணத்தை இழப்பான், பொருளை இழப்பான் என்று அறநூல்கள் சொல்லும் காரணங்களும் யாவரும் அறிந்தவையே. ஆகவே அவற்றை மீண்டும் அடுக்கிச் சொல்வது இவ்வுரையின் நோக்கமன்று.

அயலூர்களிலும் அயல்நாடுகளிலும் பணிபுரியும் இளைஞர்களிடம் அலுவலக விருந்துகளில் ஒரு வாதம் முன்வைக்கப்படுவதுண்டு. “விஸ்கியில் புலால் இல்லை, முட்டை இல்லை. தானியமும் தண்ணீரும் ஈஸ்ட்டும் மட்டுமே அதில் சேர்கின்றன. தானியத்தை உண்ணலாம் என்றால், அதிலிருந்து வடித்ததைப் பருகினால் என்ன?” என்பதே அவ்வாதம். கேட்பவர் நண்பர், கேட்கும் முறையும் இனியது. விடை தெரியாத இளைஞர், “வீட்டில் வழக்கமில்லை” என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். வழக்கத்திற்குப் பின்னே ஒரு கணக்கும் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தால், அவரது மறுப்பு இன்னும் உறுதியுடையதாக இருக்கும்.

அந்தக் கணக்கைத் தொடங்கி வைப்பதே ஒரு வினாதான்: ஒரு புட்டி விஸ்கிக்கு எவ்வளவு தானியம் செல்கிறது? இதனைக் கூட்டியும் சொல்லலாகாது, குறைத்தும் சொல்லலாகாது. நல்ல நோக்கத்திற்காகவேனும் மிகைப்படுத்திச் சொல்வது வாய்மைக்கு இழுக்கே. விஸ்கியின் பிறப்பிடங்களுள் தலையாயதாகிய ஸ்காட்லாந்தில் இதற்கான அளவுகளும் சட்டங்களும் எழுத்தில் உள்ளன. எனவே அந்நாட்டை முன்வைத்தே இதனை ஆராய்வது தகும்.

முதல் ஆவணமே தானியக் கணக்கு

ஸ்காட்லாந்து அரசின் கருவூலக் கணக்கேட்டில் 1494ஆம் ஆண்டுக்குரிய பதிவு ஒன்று உண்டு. நான்காம் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி, ஜான் கோர் என்னும் துறவிக்கு, ‘உயிர்நீர்’ என்று அன்று அழைக்கப்பட்ட மதுவை வடிப்பதற்காக எட்டு ‘போல்’ மால்ட் வழங்கப்பட்டது என்பது அதன் செய்தி. தமிழகத்தில் மரக்காலும் கலமும் வழங்கியது போல அந்நாட்டில் வழங்கிய பழைய தானிய அளவு ‘போல்’ என்பது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம்.

ஸ்காட்லாந்தின் விஸ்கி வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இப்பதிவையே முதற்சான்றாகக் காட்டுவர். அதன் சுவையைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அப்பதிவு ஒன்றும் கூறவில்லை. எத்தனை அளவு தானியம் கொடுக்கப்பட்டது என்பதை மட்டுமே அது கூறுகிறது. கருவூலக் கணக்கருக்கு அது தானியச் செலவாகவே தெரிந்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அக்கணக்கரின் பார்வையே சரியான தொடக்கமாக அமைகிறது.

தானியம் மதுவாகும் வழி

விஸ்கியின் மூலப்பொருள் பார்லி. தமிழில் இதனை வாற்கோதுமை என்பர். காய்ச்சல் கண்டவர்க்குக் கஞ்சியாகவும், சிறுநீர்க் கடுப்புக்கு வடிநீராகவும் தமிழ் இல்லங்களில் இது பயன்பட்டு வருவதை யாவரும் அறிவர். அந்தத் தானியமே வேறொரு பாதையில் செல்லும்போது விஸ்கியாகிறது.

முதலில் பார்லியை ஏறத்தாழ இரண்டு நாள் நீரில் ஊறவைக்கின்றனர். பின்னர் ஈரத்துடன் பரப்பி முளைக்க விடுகின்றனர். முளைக்கும் விதை தன்னுள் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தைக் கரைத்து இளஞ்செடிக்கு உணவாக்க முற்படும். அதற்கு வேண்டிய நொதிகள் விதைக்குள் உருவாகும். முளை சற்று நீண்டு, நொதிகள் போதிய அளவு உருவானதும், சூளையில் வெப்பக்காற்றைச் செலுத்தி முளையை வாட்டிவிடுகின்றனர். செடி வளர்வதற்கென்று விதை உருவாக்கிய ஆற்றல் மட்டும் உள்ளே நிற்க, செடி அங்கேயே முடிந்துவிடுகிறது. இவ்வாறு கிடைப்பதே மால்ட்.

மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் கலக்கும்போது, மாவுச்சத்து இனிப்புச் சாறாக மாறுகிறது. அச்சாற்றை வடித்தெடுத்து ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கின்றனர். ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஓருயிரி. அது சர்க்கரையை உண்டு பெருகிச் சாராயத்தையும் கரியமிலவாயுவையும் வெளியிடுகிறது. இரண்டு மூன்று நாளில் அது நொதித்துப் பொங்கி அடங்கும். புளித்து நொதிக்கும் பொருளில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் தோன்றி மடிகின்றன என்பதை மது விலக்குக்குக் காரணமாகச் சமண ஆசிரியர் அமிர்தசந்திரர் ‘புருஷார்த்த சித்தியுபாய’ நூலில் காட்டியுள்ளார். உருப்பெருக்கி இல்லாத காலத்தில் சொல்லப்பட்ட அக்காரணத்தை, நொதிகலத்தின் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்து இன்று எவரும் கண்டறியலாம். ‘தானியமும் தண்ணீரும் மட்டுமே’ என்னும் வாதத்தில் மூன்றாவதாக நிற்கும் ஈஸ்ட் என்ற சொல்லை எளிதாகக் கடந்துவிட இயலாது.

நொதித்த நீரில் சாராயம் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவே இருக்கும். அதனைச் செப்பு வாலையிலிட்டு இருமுறை காய்ச்சி வடிக்கும்போது அது ஏறத்தாழ எழுபது பங்காகச் செறிவடைகிறது. பிறகு ஓக் மரப் பீப்பாய்களில் நிரப்பிப் பண்டகசாலையில் அடுக்குகின்றனர். ஸ்காட்லாந்தில் குறைந்தது மூன்றாண்டுகளேனும் பீப்பாயில் கிடந்தாலன்றி அதற்கு விஸ்கி என்னும் பெயரே கிடையாது. புட்டியில் அடைக்கும்போது சாராயத்தின் அளவு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையலாகாது என்பதும் அந்நாட்டுச் சட்டம்.

புட்டிக்கு எவ்வளவு?

இனிக் கணக்கைக் காணலாம். பள்ளி மாணவரும் தாளில் எழுதிச் சரிபார்க்கத்தக்க எளிய கணக்கே இது.

ஐரோப்பாவில் வழங்கும் விஸ்கிப் புட்டியின் கொள்ளளவு 700 மில்லிலிட்டர். அதில் நூற்றுக்கு 40 பங்கு சாராயம் என்றால், தூய சாராயம் 280 மில்லிலிட்டர். ஒரு டன், அதாவது 1000 கிலோ மால்ட்டிலிருந்து ஸ்காட்லாந்து வடிசாலைகள் ஏறத்தாழ 410 லிட்டர் தூய சாராயம் பெறுகின்றன. ஒரு கிலோவுக்கு 410 மில்லிலிட்டர் என்றாகிறது. ஆகவே 280 மில்லிலிட்டர் பெற ஏறத்தாழ 680 கிராம் மால்ட் வேண்டும்.

ஆனால் வயலிலிருந்து வருவது மால்ட் அன்று, பார்லி. ஊறுதல், முளைத்தல், உலர்தல் ஆகியவற்றில் எடை குறைகிறது. ஈரம் போகிறது, முளைக்கும்போது விதை மூச்சுவிட்டுத் தன் சத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்கிறது, சிறுவேர்கள் உதிர்கின்றன. ஆயிரம் கிலோ மால்ட் பெற ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோ பார்லி தேவை. எனவே 680 கிராம் மால்ட்டுக்கு 820 கிராம் பார்லி.

கணக்கு இத்துடன் முடியவில்லை. பீப்பாயின் மரத்துளைகள் வழியே ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு ஆவியாகிப் போகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்று அந்நாட்டார் இதற்குப் பெயரிட்டுள்ளனர். மூன்றாண்டு கிடந்தால் நூற்றுக்கு ஆறு பங்கும், பன்னிரண்டாண்டு கிடந்தால் நூற்றுக்கு இருபத்தொரு பங்கும் காற்றில் கலக்கின்றன. குறைந்ததை ஈடு செய்தால், மூன்றாண்டு முதிர்ந்த புட்டிக்கு ஏறத்தாழ 870 கிராம் பார்லி. பன்னிரண்டாண்டு முதிர்ந்த புட்டிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பதினெட்டாண்டு முதிர்ந்ததற்கு ஏறத்தாழ 1,200 கிராம். விலை ஏற ஏறத் தானியமும் ஏறுகிறது. ஏறிய தானியம் குடிப்பவரையும் சேராமல் காற்றைச் சேர்கிறது.

பல்வகை விஸ்கிகளைக் கலந்து விற்கும் புட்டிகளில் பெரும்பகுதி, கோதுமையிலிருந்தோ மக்காச்சோளத்திலிருந்தோ தொடர்வடிப்பு முறையில் எடுக்கப்படுவது. அதற்குப் புட்டிக்கு முக்கால் கிலோ அளவு தானியம் போதும். ஆகவே முக்கால் கிலோ முதல் ஒன்றேகால் கிலோ வரை என்பதே நேர்மையான விடை. நினைவில் கொள்ள ஒரே எண் வேண்டுமெனில், புட்டிக்கு ஒரு கிலோ என்று கொள்வதில் பெரும்பிழை இல்லை.

நிலத்தின் அளவாகவும் இதனைக் காணலாம். ஸ்காட்லாந்தின் வேனிற்காலப் பார்லி எக்டேருக்கு ஏறத்தாழ ஆறு டன் விளைகிறது. சதுர மீட்டருக்கு 600 கிராம். ஒரு புட்டிக்குரிய ஒரு கிலோ பார்லிக்கு, ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடைய நிலம் வேண்டும். அது ஓர் ஆள் படுத்துறங்கும் பாயின் அளவு.

எஞ்சுவதும் இழப்பதும்

வடிசாலைக்குள் சென்ற தானியம் முழுவதும் வீணாகிறது என்று சொல்வதும் பிழையே. மால்ட்டின் எடையை மூன்று கூறாக்கினால், ஏறத்தாழ ஒரு கூறு சாராயமாகிறது; ஒரு கூறு கரியமிலவாயுவாக வெளியேறுகிறது; ஒரு கூறு சக்கையாகவும் கசடாகவும் எஞ்சுகிறது. எஞ்சிய அக்கூற்றில் உமியும் புரதமும் நார்ச்சத்தும் உள்ளன. ஸ்காட்லாந்து உழவர்கள் அதனை மாட்டுத் தீவனமாக வாங்கிச் செல்கின்றனர். நெல் குற்றிய தவிடு மாட்டுக்குப் போவது போன்றதே இதுவும்.

ஆனால் மனிதருக்குரிய பகுதியின் நிலை வேறு. ஒரு கிலோ பார்லியில் ஏறத்தாழ 3,500 கலோரி உணவாற்றல் உண்டு. ஒருவர் ஒன்றரை நாள் பசியாறப் போதும். அதில் நூறு கிராம் அளவு புரதமும், இரும்பு முதலிய தாதுச்சத்துகளும் உள்ளன. அதே பார்லி 280 மில்லிலிட்டர் சாராயமானபின் எஞ்சும் ஆற்றல் ஏறத்தாழ 1,550 கலோரி. பாதிக்கும் குறைவு. புரதம் ஒரு துளியும் இல்லை, தாதுச்சத்தும் இல்லை. எஞ்சிய அந்த ஆற்றலைக்கூட எவரும் உணவாகக் கொள்வதில்லை. உண்ட உணவின் மேல் ஊற்றிக்கொள்ளும் சுமையாகவே அது உடலைச் சேர்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. உணவுத் தானியத்தில் புரதம் மிக்கதையே நல்ல தானியம் என்பர். வடிசாலைக்காரர் தேடுவது அதற்கு நேர்மாறானது. புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த பார்லியே அவருக்கு மிகுதியான சாராயம் தரும். ஆகவே புரதம் குறைந்த பார்லிக்கே அவர் கூடுதல் விலை கொடுக்கிறார். உழவரும் உரத்தை அளந்திட்டு அதற்கேற்பவே விளைவிக்கிறார். உண்பதற்காக அன்றி வடிப்பதற்காகவே ஒரு தானியம் தேர்ந்து விளைவிக்கப்படும் நிலை இவ்வாறு உருவாகியிருக்கிறது.

பஞ்சம் வந்தபோது அரசுகள் செய்தவை

இயல்பான காலத்தில் இக்கணக்கை எவரும் நினைப்பதில்லை. விளைச்சல் பொய்க்கும்போது எல்லா அரசுகளும் இதனை நினைவுகூர்ந்துள்ளன.

1579ஆம் ஆண்டில் தானியப் பற்றாக்குறை நேரும் என்று அஞ்சிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், மது வடிப்பதற்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியது. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கோமான்களும் பிரபுக்களும் உயர்குடியினரும் தத்தம் வீடுகளில், தத்தம் மால்ட்டைக் கொண்டு, தமக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் வடித்துக்கொள்ளலாம். பஞ்ச காலத்தில் தானியத்தைக் காக்க வேண்டும் என்னும் அறிவு அச்சட்டத்தில் இருந்தது. அதனை யாருக்கு எதிராகக் காப்பது என்பதில் நடுவுநிலைமை இல்லை.

1756இல் பிரித்தானியாவில் அறுவடை பொய்த்தது. 1757இல் தானியத்திலிருந்து மது வடிப்பதை நாடாளுமன்றம் தடை செய்தது. அத்தடை 1760 வரை நீடித்தது. விற்பனைக்கு வடிக்கும் வடிசாலைகள் மூடப்பட்டன. ஸ்காட்லாந்தில் வீட்டுத் தேவைக்கு வடிப்பதைத் தடை எட்டவில்லை. எனவே மலைநாட்டுச் சிறு வாலைகளில் வடித்தது மறைவாகச் சந்தைக்கு வந்தது. தானியம் காக்கப்பட வேண்டிய ஆண்டுகளிலேயே கள்ளச்சாராயம் தழைத்தது என்பது அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே எழுதும் செய்தி. உள்ளத்தில் கொள்ளாத விலக்கைச் சட்டம் மட்டும் நிலைநிறுத்த இயலாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

முதல் உலகப் போரில் செருமானிய நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்தபோது, பிரித்தானியாவின் கோதுமைக் கையிருப்பை வாரக்கணக்கில் எண்ண நேர்ந்தது. 1917இல் செப்பு வாலைகளில் விஸ்கி வடிப்பது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளும், உணவுப் பொருள்களைக் கொண்டு குடிப்பதற்கான மதுவை வடிப்பதைச் சட்டத்தால் தடுத்தன. ஆங்கே மதுவிலக்குத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1920இல்தான். நல்லொழுக்கத்திற்காக மதுவை விலக்குமுன், தானியத்திற்காக அதனை விலக்கியது அந்நாடு.

இரண்டாம் உலகப் போரில் மீண்டும் அதே நிலை. 1940 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்ட விஸ்கி வடிப்பு, 1943இல் ஏறத்தாழ முற்றிலும் நின்றது. நூற்றாண்டுகளாகப் புகைந்த சூளைகள் குளிர்ந்தன. பார்லி மக்களுக்கும் கால்நடைகளுக்கும் உணவாயிற்று.

போர் முடியும் தறுவாயில், 1945இல், பிரதமர் சர்ச்சில் உணவு அமைச்சகத்திற்கு ஒரு குறிப்பு அனுப்பினார். விஸ்கிக்குரிய பார்லியை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டா. அது முதிர ஆண்டுகள் பல ஆகும். ஏற்றுமதியால் டாலர் ஈட்டித் தருவதும் அதுவே என்பது அக்குறிப்பின் கருத்து. கடனில் மூழ்கிய நாட்டின் பொருளாதாரத்திற்கு அது ஏற்ற அறிவுரையாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும். போர் நடந்த ஆறாண்டுகளிலும் பங்கீட்டுக்கு உட்படாத ரொட்டி, உலகெங்கும் தானியம் அருகிய நிலையில், 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை பிரித்தானியாவில் பங்கீட்டுக்கு உட்பட்டது. ஒரு பக்கம் தாய்மார்கள் ரொட்டிக்காகச் சீட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றனர். மறுபக்கம் பார்லி பீப்பாய்க்குள் சென்றது. இதில் தீயவர் என்று எவரையும் சுட்டத் தேவையில்லை. ஒரே தானியம் ஒரே வேளையில் உணவாகவும் மதுவாகவும் இருக்க இயலாது என்னும் எளிய உண்மையே அந்த இரண்டாண்டுகளில் வெளிப்பட்டது.

இந்தியாவும் இக்கணக்கும்

இது அயல்நாட்டுக் கதை என்று கருதி அமைய இயலாது. ஸ்காட்லாந்து விஸ்கியைப் புட்டிக் கணக்கில் மிகுதியாக வாங்கிய நாடு நெடுங்காலம் பிரான்சாக இருந்தது. 2022இல் இந்தியா அதனை முந்தி முதலிடம் பெற்றது. அவ்வாண்டு இந்தியாவுக்கு வந்தவை 21 கோடியே 90 லட்சம் புட்டிகளுக்கு நிகரான அளவு.

புட்டிக்கு முக்கால் கிலோ என்று குறைந்த அளவையே கொண்டாலும், அதற்குரிய தானியம் ஏறத்தாழ 16 கோடியே 40 லட்சம் கிலோ. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பங்களில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று வகுத்துள்ளது. ஆண்டுக்கு 60 கிலோ. அவ்வளவையால் அளந்தால், ஓராண்டில் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்து விஸ்கி, 27 லட்சம் பேரின் ஓராண்டுப் பங்கீட்டுத் தானியத்திற்கு ஒப்பாகும். ஒரு புட்டி மட்டும் என்றால், நான்கு முதல் ஆறு நாள் வரைக்குரிய பங்கீடு.

இந்த ஒப்புமை அளவைக் காட்டுவதற்கே அன்றிப் பழி சுமத்துவதற்கன்று. அந்தத் தானியம் இந்திய நியாயவிலைக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டதன்று. ஐரோப்பிய வயல்களில் விளைந்தது. இந்தியாவில் விஸ்கி என்னும் பெயரால் விற்கும் மலிவான மதுவில் பெரும்பகுதி தானியத்திலிருந்தே வடிக்கப்படுவதன்று. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் அது. அதனாலேயே ஐரோப்பிய நாடுகள் அதனை விஸ்கி என்று விற்க இசைவதில்லை. ஆயினும் அண்மைக் காலமாக நொய்யரிசியும் மக்காச்சோளமும் இந்திய வடிசாலைகளுக்கு மிகுதியாகச் செல்கின்றன. இந்தியப் பார்லியைக் கொண்டு மால்ட் விஸ்கி வடிக்கும் தொழிலும் வளர்ந்து வருகிறது. பெங்களூரு போன்ற வெப்பமான ஊர்களில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் ஆவியாகிறது. ஐந்தாண்டு வைத்தால் நாற்பது பங்குக்கு மேல் காற்றோடு போய்விடும். ஸ்காட்லாந்தில் பன்னிரண்டாண்டில் இழப்பதைப் போல ஏறத்தாழ இருமடங்கு இங்கே ஐந்தே ஆண்டில் இழப்பாகிறது.

மறுபக்கமும் மெய்ப்பொருளும்

எதிர்வாதத்தையும் கேட்பதே நடுவுநிலைமை. உலகில் ஆண்டுதோறும் விளையும் தானியம் ஏறத்தாழ 280 கோடி டன். அதில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. அத்தீவனத்தில் பெரும்பகுதி முடிவில் புலாலாகிறது. அதனோடு ஒப்பிட விஸ்கிக்குச் செல்வது சிறு துளியே. விஸ்கி வடிப்பதை நாளையே நிறுத்தினாலும் உலகின் பசி தீர்ந்துவிடாது. பசிக்குப் போரும் வறுமையும் பங்கீட்டுக் குறைபாடும் பெருங்காரணங்கள். ஸ்காட்லாந்தின் உழவர் பலர் பார்லியை நம்பியே வாழ்கின்றனர் என்பதும் உண்மை. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, மதுப்புட்டி ஒன்றினால் ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்று மேடையில் முழங்கினால், கேட்கும் இளைஞர் கைப்பேசியில் தேடிப் பார்த்து அரை நொடியில் அதனை மறுத்துவிடுவார். அவருக்கு அதன்பின் மற்ற அறங்களிலும் ஐயம் தோன்றும்.

அளவு சிறிதாயினும் அறம் சிறிதாவதில்லை. அடுக்களையில் சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்கும் மூதாட்டி, அந்த நான்கு அரிசியால் ஊரின் பசி தீரும் என்று எண்ணுவதில்லை. தானியம் என்பது எத்தகைய பொருள் என்பதை அவர் அறிந்திருக்கிறார், அவ்வளவே. ஒவ்வொரு மணியும் ஒரு விதை. தன்னுள் ஒரு செடியை அடக்கியது. மண்ணும் மழையும் உழைப்பும் சேர்ந்து விளைந்தது. அதனை உண்ணும்போது கூட, உயிர் காக்கும் தேவைக்கு அளவோடு கொள்ள வேண்டும் என்று நோன்பு கற்பிக்கிறது. அதனை முளைக்க வைத்து, முளையை வாட்டி, நுண்ணுயிர்க்கு இரையாக்கி, ஒரு பங்கைக் காற்றுக்கும் ஒரு பங்கை மாட்டுக்கும் விட்டு, எஞ்சிய ஒரு பங்கை அறிவு மயங்குவதற்காகப் பருகுவது தேவையின்பாற்படுமா என்பதே வினா. ஆகார தானத்தை நான்கு தானங்களுள் ஒன்றாகப் போற்றும் இல்லங்களில் இவ்வினாவுக்கு விடை தேடி அலைய வேண்டுவதில்லை.

ஆகவே அலுவலக விருந்தில் கோப்பையை நீட்டி, “இது வெறும் தானியம்தானே?” என்று கேட்கும் நண்பருக்கு, இளைஞர் சினமின்றி, சிறுமைப்படுத்தாமல், ஒரு சொல்லும் மிகாமல் விடை சொல்லலாம்: “ஆம், தானியம்தான். இந்தப் புட்டிக்கு ஒரு கிலோ அளவு. ஒருவருக்கு ஒன்றரை நாள் உணவாகியிருக்கும். அது தானியமாக இருந்ததனாலேயே இது வேண்டா.” இந்த விடையில் பழிச்சொல் இல்லை, பொய் இல்லை. கேட்ட நண்பரும் ஒருவேளை அன்றிரவு அந்த ஒரு கிலோவைப் பற்றி எண்ணிப் பார்க்கக்கூடும்.

விழாவை ஒட்டி ஆலயத்தில் அன்னம் படைத்து, அனைவர்க்கும் உணவளித்து மகிழும் இந்நாளில், வீடு திரும்பியதும் பெற்றோர் ஒரு கிலோ தானியத்தை முறத்திலிட்டுப் பிள்ளைகளிடம் காட்டலாம். அதனைத் தொட்டுப் பார்த்த கை, எந்த ஊரில் எந்த விருந்தில் இருந்தாலும், எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதை அறிந்திருக்கும்.

அறம் வளர்க.